இரண்டு கை எழுத்து

ஓமாயி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கொடுத்த சான்றிதழில், பெயர் என்று போட்ட இடத்தில் மூன்று வெறுங்கட்டங்கள் இருந்தன. பெயரே வைக்காத பிள்ளைக்குக்கூட 'பெண் குழந்தை' என்று அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். இவளுக்குப் பெயர் வைத்திருந்தார்கள், அதுதான் வம்பாகப் போயிற்று.

"ஏனுங்க, பேரு கேட்டா மூணு சன்னல் போட்டுக் குடுத்திருக்கீங்க?" என்று கவுண்டரில் இருந்தவரிடம் கேட்டாள் தாய்க்காரி வெள்ளத்தி.

"நீங்க எழுதிக் குடுத்த எழுத்து சிஸ்டத்துல இல்லைம்மா. தெரியாத எழுத்துன்னா அது கட்டம் போட்டுரும். தமிழ்ல எழுதிக் குடுங்க, அஞ்சு நிமிஷத்துல மாத்தித் தர்றேன்."

அன்றைக்கு அவள் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் வெள்ளத்தியின் பிடிவாதம் மலையில் பேர்போனது. "இருக்கட்டும், கட்டத்தோடவே குடுங்க. நெரப்பிக்கறது என்ற பாடு" என்று வாங்கிக்கொண்டு, நாலு நாள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கூதாளி மலையில் மேல்பாடி, கீழ்பாடி என்று இரண்டே ஊர்கள். இரண்டிலும் சேர்த்து நானூறு சொச்சம் ஜனம். கூதாளர் என்பார்கள். தங்களுக்குள் பேசிக்கொள்வது கூதாளம், அடிவாரத்துக்கு இறங்கினால் கோயமுத்தூர்த் தமிழ். எழுத்து மட்டும் முழுக்க அவர்களுடைய சொந்தச் சரக்கு. நம்மைப் போல ஓர் எழுத்தைப் போட்டு அதற்குக் காலும் கொம்பும் சுழியும் மாட்டுகிற வேலையெல்லாம் அங்கே இல்லை. 'மா'வுக்கு ஓர் உரு, 'மி'க்கு வேறோர் உரு, 'யி'க்கு இன்னோர் உரு. அவர்கள் பேச்சுக்குத் தேவையான ஒலிகள் எழுபத்து மூன்று, உருக்களும் எழுபத்து மூன்று.

நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் சடைச்சி என்கிற ஒருத்தி இந்த எழுத்தை உண்டாக்கினாள். சாமி கனவில் வந்து சொல்லிக் கொடுத்ததாகக் கதை கட்டாத ஒரே எழுத்து அதுவாகத்தான் இருக்கும். சடைச்சிக்கு வந்தது கோபம். அவளுடைய தம்பி தன்னந்தனியாக ஒரு மரக் காண்டிராக்டரின் காகிதத்தில் பெருவிரலை உருட்டிவிட்டு வந்தான். ஒரு மாதத்தில் ஒரு சோலை முழுக்கக் காலியானது. படிக்கத் தெரியாதது ஒரு குற்றம், தனியாகப் போய்க் கை வைத்தது இன்னொரு குற்றம் என்று சடைச்சி முடிவு கட்டினாள். முதல் குற்றத்துக்கு எழுபத்து மூன்று எழுத்து செய்தாள். இரண்டாவது குற்றத்துக்காக அதில் ஓர் எழுத்தை மட்டும் வேறு மாதிரி செய்தாள்.

அதுதான் 'ஓ'. கூதாளத்தில் 'ஓ' என்றால் சம்மதம். கிண்ணம் மாதிரி ஒரு வளைவு, மேலே திறந்திருக்கும். அதை மேல்பாடிக்காரர் ஒருவர் போட வேண்டும். பிறகு கீழ்பாடிக்காரர் ஒருவர் குறுக்கே ஒரு கோடு இழுத்து வாயை மூட வேண்டும். மூடினால்தான் சம்மதம். திறந்தே கிடந்தால், 'நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டோம்' என்று மட்டும் பொருள். ஒரு நாள் திறந்து கிடக்கலாம், ஒரு தலைமுறையும் திறந்து கிடக்கலாம், யாரும் அவசரப்படுத்தக் கூடாது. பெயரில் அந்த ஒலி வந்தாலும் இதே சட்டம்தான். ஓமாயியின் பெயருக்கு வெள்ளத்தி வளைவைப் போட்டாள். கீழ்பாடியில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் பெள்ளன், தாய்மாமன் என்ற முறையில் மூடினான். அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் நோட்டுக்குப் பெயர் எழுத ஒவ்வொரு தடவையும் கீழ்பாடிப் பிள்ளை ஒருத்தியைத் தேடிப் பிடிக்கும். புதிதாக வந்த வாத்தியார் காப்பியடிக்கிறாள் என்று நினைத்து வெளியே நிற்க வைத்த கதையும் உண்டு.

உலகத்து எழுத்துகளுக்கெல்லாம் ஆளுக்கொரு எண் கொடுத்து வைத்திருக்கிற பட்டியல் ஒன்று இருக்கிறது. எண் இருந்தால் எழுத்து, இல்லாவிட்டால் கட்டம். கைபேசியில் கட்டம் வந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் ஊருக்கு ஒரு சாட்சிப்பொறி வந்த பிறகு யாரும் சிரிக்கவில்லை. கிராமசபைத் தீர்மானம், பட்டா, பிறப்பு, இறப்பு எல்லாம் அந்தப் பொறியின் கண்ணாடியில் எழுதினால்தான் செல்லும் என்று சட்டம் வந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு கம்பெனி, சமவெளியில் இருக்கும் தன் கணக்குப்பொறிக் கூடங்களைக் குளிரவைக்க, கூதாளி மலையைக் குடைந்து ஓடைத் தண்ணீரைக் கொண்டுபோகிறோம் என்று கேட்டது. இரண்டு ஊரும் உட்கார்ந்து ஒரு பக்கம் முழுக்க மறுத்து எழுதினார்கள். பொறி அதை நானூற்றுப் பன்னிரண்டு கட்டங்களாகப் பதிந்துகொண்டது. 'வாசிக்கத்தக்க ஆட்சேபம் ஏதுமில்லை' என்று மேலிடத்தில் எவரோ குறிப்பு எழுத, சோதனைக்கு ஒரு துளை போட்டார்கள். அந்தக் கோடையில் மேல்பாடியின் மூன்று ஊற்றுகளில் ஒன்று வற்றியது, இன்றுவரை திரும்பவில்லை.

வெள்ளத்தி அதற்கு முன்பே கோயமுத்தூருக்கு இறங்கிவிட்டாள். தபாலில் படித்து, எழுத்துருச் செய்யக் கற்று, எழுத்துப் பதிவு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து, பட்டியலில் கூதாளத்துக்கு இடம் கேட்டு மனு மேல் மனுவாகப் போட்டாள். பிள்ளை, பிறந்த ஊர்க் கணக்கில் மேல்பாடிக்காரியாகவே, மலையில் மாமன் வீட்டில் வளர்ந்தது.

பத்தொன்பதாவது வருஷம் மனு ஓட்டெடுப்பு வரைக்கும் ஏறியது. அந்த வருஷத்தோடு பட்டியலையே மூடப் போகிறார்கள், இனிமேல் எந்த எழுத்தையும் சேர்க்கவும் மாட்டார்கள் நீக்கவும் மாட்டார்கள் என்ற அறிவிப்பும் கூடவே வந்தது. கடைசி பஸ்ஸில் கூதாளம் தொற்றிக்கொண்டது.

"என்ன வெள்ளத்தி, இன்னுமா அதையே பார்த்துட்டு இருக்கே?" என்று கேட்டார் கோமளவல்லி மேடம். அலுவலகத் தலைமை. ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. விதிமுறைப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள்.

திரையில் ஓமாயியின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. சோதனை எழுத்துருவைப் போட்டதும் மூன்று கட்டமும் மறைந்து, மூன்று கூதாள எழுத்தும் பளிச்சென்று நின்றன. வெள்ளத்திக்குக் கண் கலங்கிவிட்டது.

"நெரப்பிட்டனுங்க மேடம்" என்றாள்.

"ஒன்பது நாள்ல ஓட்டெடுப்பு. ஒருத்தரும் எதிர்க்கலை. உங்க ஊர்ப் பொறியிலயும் சோதனைக்கு ஏத்தியாச்சு. இன்னும் அழுதின்னா உனக்குக் குடுக்க வாங்கின மைசூர்பாகை நானே சாப்பிட்டுடுவேன்."

வெள்ளத்தி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டபோது போன் அடித்தது. பெள்ளன்.

"அம்மிணி, ஒண்ணு கேக்கோணும். நாம எப்ப ஓ போட்டோம்?"

"எதுக்குண்ணா?"

"சொரங்கத்துக்கு. நம்ம பொறி, ரெண்டு ஊரும் சம்மதிச்சாச்சுன்னு சொல்லுது. கம்பெனிக்காரன் நன்றின்னு கடுதாசி போட்டிருக்கறான்."

அவள் மறுநாள் முதல் பஸ்ஸுக்கே கிளம்பினாள். பஸ் நிற்கும் இடத்திலிருந்து மேல்பாடிக்கு ஒன்பது கிலோமீட்டர் நடை. நாற்பத்து நாலு வயதில் அந்த ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறி, சாட்சிப்பொறி இருந்த பஞ்சாயத்துக் கட்டடத்துக்குள் நுழைந்தாள். பெள்ளன் பொறிக்கு எதிரே, கடன்காரன் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"என்ன நடந்துச்சுன்னு மொதல்லருந்து சொல்லுண்ணா."

"என்னத்த நடந்துச்சு. புது எழுத்து வந்திருச்சு, எழுதிப் பாருங்கன்னு சொன்னாங்க. அந்த வாரமே கம்பெனிக் கடுதாசி வந்துச்சு, சொரங்கத்துக்குச் சம்மதமான்னு. மரியாதைக்குப் பதில் சொல்லோணுமில்ல? மேல்பாடி சார்பா நஞ்சப்பன் கண்ணாடியில வளைவு மட்டும் போட்டான். கேட்டுக்கிட்டோம், அவ்வளவுதான். போட்டு விரலை எடுக்கறதுக்குள்ள, கோடு தானா வந்து மூடிக்கிச்சு."

வெள்ளத்திக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அது பொறியோட பழக்கம்ணா. எழுத்தப் பாதியில நிறுத்துனா, முழுசா எப்படி இருக்கும்னு அதுக்குக் குடுத்திருக்கற உருவப் பாத்து மீதிய அதே போட்டுரும்."

"முழுசா எப்படி இருக்கும்னு அதுக்கு ஆரு குடுத்தா?"

"நான்தான். எழுபத்து மூணும் நான்தான வரஞ்சு குடுத்தேன்."

பெள்ளன் அவள் பக்கம் திரும்பினான். "ஓ-வத் தெறந்தது ஆரு?"

"நான்."

"மூடுனது?"

அவள் பொறியின் கண்ணாடியைப் பார்த்தாள்.

"மூடுனது ஆரு புள்ளே?"

"நானேதான்" என்றாள் வெள்ளத்தி. "கோயமுத்தூர்ல கீழ்பாடிக்காரங்களுக்கு நான் எங்கண்ணா போறது? மேசையில உக்காந்து வரையறப்ப அது வெறும் படமாத்தான் தெரிஞ்சுச்சு."

"ஒரு போன் பண்ணியிருந்தீன்னா நான் பஸ்ஸேறி வந்திருப்பேனே. ஒரு கோடு. ஒரே ஒரு கோடு இழுக்க வரமாட்டனா நானு?"

அவன் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவன் கெஞ்சுகிற மாதிரி கேட்டான். அவமானம் என்றால் என்னவென்று அந்த நிமிஷம் அவளுக்குத் தெரிந்தது. சடைச்சியின் தம்பி என்ன செய்தானோ அதையே, இவ்வளவு படித்துவிட்டு, நல்ல நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தானும் செய்துவிட்டோம் என்று தோன்றியது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே நின்று கோமளவல்லிக்குப் போன் போட்டாள். பெள்ளனும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றான்.

"சோதனைப் பதிவுதானே, செல்லாது. ஓட்டெடுப்பு முடியறவரைக்கும் எதுவும் செல்லாது. அழிச்சுடலாம்" என்றார் மேடம்.

"முடிஞ்ச பொறகு?"

"அப்புறம் அழிக்க முடியாது. எழுத்தையும் எடுக்க முடியாது. ஒண்ணு செய்யலாம். திறந்தது ஒண்ணு, மூடற கோடு ஒண்ணுன்னு ரெண்டு எண்ணா பிரிச்சுக் குடுத்துடலாமே? இன்னும் நாள் இருக்கு."

"யோசிச்சுப் பாத்தனுங்க. ரெண்டு பித்தானையும் ஒரே ஆளு அமுக்குனா ஆரு தடுக்கறது? ஆளே வேண்டாம், பொறியே ரெண்டையும் போட்டுக்கும். பித்தானுக்கு எந்த ஊருன்னு தெரியுமா?"

அந்தப் பக்கம் புத்தகம் புரளும் சத்தம் கேட்டது. "வெள்ளத்தி, ஒரு விதி சொல்றேன், கவனமாக் கேளு. யாரோட எழுத்து பட்டியல்ல ஏறிடுச்சோ, அவங்க சம்மதத்தை அவங்க எழுத்துல, அவங்க சம்மதச் சொல்லாலதான் வாங்கணும். தமிழ்லயோ இங்கிலீஷ்லயோ வாங்கினா செல்லாது. உங்களை மாதிரி ஜனங்களுக்குப் பாதுகாப்புன்னு போட்ட விதி."

"செரிங்க."

"அந்தச் சொல்லுக்கான எழுத்தே பட்டியல்ல இல்லேன்னா என்ன செய்யறதுன்னு கீழே பொடி எழுத்துல ஒரு வரி இருக்கு. முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல இதை யாரும் கேட்டதில்லை. 'பொறியால் பதிய இயலாத சம்மதத்தை அதிகாரி நேரில் சென்று, அம்மக்களின் வழக்கப்படி, கையால் எழுதிப் பெறவேண்டும்.'"

பெள்ளன் போனையே பார்த்தான்.

"அப்ப அந்த எழுத்த எடுத்துட்டா, மாட்டோம்னு பொறியில எழுதலாம். ஓன்னு மட்டும் எழுத முடியாது" என்றாள்.

"உங்க ஆளும் எழுத முடியாது, கம்பெனியும் எழுத முடியாது, பொறியும் எழுத முடியாது. என்னைக்குமே. ஆனா யோசிச்சுக்கோ. அந்தச் சான்றிதழ்ல முதல் எழுத்து…"

"தெரியுங்க மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

கூட்டம் மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் கூடியது. மழை பெய்ததால் நனைந்த குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. வெள்ளத்தி எதையும் மறைக்காமல் சொன்னாள். தனியாகத் திறந்து தனியாக மூடியதைச் சொன்னபோது, கீழ்பாடிப் பக்கமிருந்து "அடிப் பாவி" என்று ஒரு குரல் வந்தது. அந்தக் குற்றத்துக்கு இன்ன தண்டனை என்று அதுவரை அந்த மலையில் கிடையாது. ஒருவரும் செய்திராத காரியத்துக்குத் தண்டனை எதற்கு? அன்றைக்குத்தான் உண்டாக்கினார்கள். ஒரு வருஷத்துக்கு வெள்ளத்தி எந்த எழுத்திலும் கை வைக்கக் கூடாது, கூட்டத்தில் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு மேடம் சொன்னதைப் பெள்ளன் எடுத்துச் சொன்னான். நஞ்சப்பன் எழுந்து, "நல்லதுதான, எடுத்துரலாம். நம்ம பேர்ல ஆருக்கும் ஓ வரலியே" என்றான். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கடைசி வரிசையில் ஓமாயி இருந்தாள். யானை வந்தால் ஊருக்குச் சத்தம் கொடுக்கிற கருவிகளைப் பழுது பார்க்கிற வேலை, கையெல்லாம் கிரீஸ். அவள் எழுந்து முன்னால் வந்தாள். அம்மாவை நேராகப் பார்த்தாள்.

"என்ற பேர்ல ஒரு எழுத்த எடுக்கறதுக்கு என்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணுமா வேண்டாமா?"

"கேக்கோணும்" என்றாள் வெள்ளத்தி.

"அப்பக் கேளும்மா."

பத்தொன்பது வருஷமாக நிரப்புகிறேன் நிரப்புகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த வாயாலேயே வெள்ளத்தி கேட்டாள். "ஓமாயி, உன்ற பேர்ல மொத எழுத்த எடுத்துரட்டுமா, சாமி?"

"நீ கோயமுத்தூருக்குப் போறப்ப எனக்கு நாலு வயசு. எங்கம்மா எங்கன்னு கேட்டா, உன்ற பேருக்கு எழுத்து வாங்கப் போயிருக்கறான்னு சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு மாமன் வந்தாரு. வயசுக்கு வந்தப்ப அத்த தண்ணி ஊத்துனா. நீ எழுத்துதான் வாங்கிட்டு இருந்த. இப்ப வாங்கியும் வந்துட்ட. இப்பப் போய் எடுத்துரட்டுமான்னு கேக்கற."

ஓட்டில் மழை பலத்தது.

"எனக்கு வயித்தெரிச்சலா இருக்குதும்மா. இல்லைன்னு பொய் சொல்லமாட்டேன்" என்றாள் ஓமாயி. "ஆனா போன வாரம் அந்தக் கண்ணாடியில கோடு தானா வந்து மூடுனத நானும் பாத்தேன். நஞ்சப்பன் மாமா விரலு இன்னும் எடுக்கல. ஆரோ நம்ம கையப் புடிச்சு எழுதுன மாதிரி இருந்துச்சு. இன்னிக்குச் சொரங்கம்பான். நாளைக்கு மண்ணுல இருக்கற எதையாச்சும் கேப்பான். நம்ம பேரப்புள்ளைங்க கிட்டயும் வந்து கேப்பான். ஒவ்வொருக்காவும் அது தானா மூடிக்கும். எனக்கு ஒரு எழுத்து வேணும்கறதுக்காக இந்த மலைக்கே மூடி போடறதா? எடுத்துரு. எடுத்துட்டு, அவன இங்க நடந்து வரச் சொல்லு. கட்டம் எனக்குப் பழகுன சமாச்சாரந்தான்."

தீர்மானப் புத்தகத்தை விரித்து வைத்தார்கள். 'ஓ' என்ற எழுத்தைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்று நஞ்சப்பன் எழுதினான். அதற்குச் சம்மதம் போட வேண்டும். மேல்பாடி சார்பில் யார் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை. ஓமாயி பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி வளைவைப் போட்டாள். கிரீஸ் கறை காகிதத்தில் ஒட்டியது.

பேனா பெள்ளன் கைக்குப் போனது. "உன்ற பேர மூடுன கைதான் புள்ளே இது" என்றான்.

"தெரியும் மாமா. போடுங்க."

அவன் கோட்டை இழுத்தான். வெள்ளத்தி மடியில் இருந்த கையை எடுக்காமலே அழுதாள், கண்ணைத் துடைக்கவும் கை வராததால் முகமெல்லாம் நனைந்தது. ஓமாயிதான் வந்து, கிரீஸ் படாத புறங்கையால் துடைத்துவிட்டாள்.

ஓட்டெடுப்பு அன்றைக்குக் கோயமுத்தூர் அலுவலகத் திரையில் பன்னிரண்டு நாட்டு முகங்கள் தெரிந்தன. ஆளுக்கொரு மொழியில் பேசினார்கள், திரை எல்லாவற்றையும் தமிழாக்கிக் கொடுத்தது. தலைவர் ஒரு வெள்ளைத் தலைக்காரர், நல்ல மனுஷர் மாதிரிதான் இருந்தார்.

"எழுபத்து மூன்று கேட்டீர்கள். இப்போது எழுபத்திரண்டு என்கிறீர்கள். தட்டச்சுப் பிழையா?"

"பிழை இல்லைங்க."

"பட்டியல் இன்றோடு மூடப்படுகிறது. பிற்பாடு உங்கள் மக்கள் மனம் மாறினாலும் சேர்க்க முடியாது. உங்கள் குழந்தைகள் சிலரின் பெயரில் என்றைக்கும் ஒரு கட்டம் நிற்கும். இது உங்களுக்குப் புரிகிறதா?"

"நல்லாவே புரியுதுங்க. அதுல ஒரு கொழந்த என்ற கொழந்த."

பொறிகளைச் செய்கிறவர்கள் சார்பில் உட்கார்ந்திருந்த ஒருவர் குறுக்கே பேசினார். வழவழவென்ற குரல். "மன்னிக்க வேண்டும். இது பின்னோக்கிய முடிவு. சம்மதம் என்ற சொல்லையே எழுத முடியாத ஒரு மொழியை நாம் பட்டியலில் ஏற்றலாமா? அவர்களுடைய வளர்ச்சிக்கே இது தடை இல்லையா? உதவி வேண்டுமானால் எங்கள் வல்லுநர்கள் அந்த ஓர் எழுத்தை இலவசமாகவே…"

"எழுத முடியாதுன்னு ஆரு சொன்னா?" வெள்ளத்தியின் குரல் உயர்ந்தது. கோமளவல்லி அவள் முழங்கையைத் தொட்டார், அடக்கத்தான் என்று நினைத்தால், அவர் மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே நகர்த்தி வைத்தார். "நாங்க நூத்தி முப்பது வருசமா எழுதிட்டுத்தான் இருக்கறோம். போன வாரங்கூட எழுதுனோம். உங்க பொறிக்குத்தான் அத எழுதத் தெரியாது. தெரியவும் வேண்டாம். எங்க நானூத்திப் பன்னெண்டு எழுத்தக் கட்டமாக்கி, எதிர்ப்பு இல்லைன்னு வாசிச்சீங்களே, அப்ப இந்த அக்கறையெல்லாம் எங்க போச்சு? அன்னிக்கு எங்களுக்குத் தெரியாம கட்டம் போட்டீங்க. இன்னிக்கு நாங்களே எண்ணிப் பாத்து ஒண்ணு போட்டுக் குடுக்கறோம். அத அங்கியே விடுங்க."

மொழிபெயர்ப்பு அவர்களைச் சென்று சேர நாலைந்து விநாடி ஆனது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கைதூக்கச் சொன்னார். பதினோரு கைகள் உயர்ந்தன. கூதாளம் எழுபத்திரண்டு எழுத்தோடு பட்டியலில் ஏறியது.

சுரங்கக் கோரிக்கை மறுபடியும் பொறிக்கு வந்தது. இந்தத் தடவை மறுப்பு முழுசாக, ஓர் எழுத்து குறையாமல் பதிந்தது. கம்பெனி விடவில்லை. மறுபரிசீலனை கேட்டது. பொறி சம்மதப் பெட்டியைத் திறந்து, எழுத்தைத் தேடி, இல்லாமல், 'நேரில் சென்று பெறுக' என்று ஒரு வரி காட்டிவிட்டு நின்றுகொண்டது. சொல்லிச் சொல்லிப் பார்த்தும் அதற்கு மேல் ஒரு அடி நகரவில்லை.

ஓட்டெடுப்பு முடிந்த எட்டாவது மாதம் ஓர் அதிகாரி வந்தார், பெயர் சிவஞானவேல். கூடவே கம்பெனி ஆள் ஒருவர், வழுக்குகிற ஷூவோடு. ஒன்பது கிலோமீட்டர் நடந்து மேல்பாடிக்கு வந்து சேர்ந்தபோது இருவருக்கும் பேச்சு வரவில்லை. பெள்ளன் வரக்காப்பி ஊற்றிக் கொடுத்தான். வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்ட வெள்ளத்தி சுவரோரம் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தண்டனையில் இன்னும் நாலு மாதம் பாக்கி.

கம்பெனி ஆள் படமெல்லாம் காட்டி ஒரு மணி நேரம் பேசினார். ஊர் மொத்தமும் மரியாதையாகக் கேட்டது. முடிந்ததும் ஓமாயி தீர்மானப் புத்தகத்தை எடுத்து வைத்து, வளைவைப் போட்டு, பேனாவைக் கீழே வைத்தாள்.

அதிகாரி எட்டிப் பார்த்தார். "சம்மதமாம்மா?"

"கேட்டுக்கிட்டோம்னு அர்த்தமுங்க. சம்மதம்னா கீழ்பாடிக்காரங்க வந்து மேல ஒரு கோடு போடோணும்."

"அவங்க எப்ப வருவாங்க?"

"வருவாங்க சார்" என்றான் பெள்ளன், அவருடைய டம்ளரை நிரப்பியபடி. அவனுக்குப் பின்னால் கீழ்பாடிக்காரர்கள் நூறு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். "ஒண்ணும் அவசரமில்லைங்க. இன்னொரு டம்ளரு ஊத்தட்டுமா?"

வெள்ளத்தி சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். வெயில் இறங்கத் தொடங்கியதும் அதிகாரி எழுந்தார். வந்துபோனதற்குச் சாட்சியாக யாராவது ஒருவர் பெயரைத் தன் கைப்பொறியில் பதிய வேண்டும் என்றார். ஓமாயி தன் அடையாள அட்டையை நீட்டினாள். அவர் அதைப் பொறியில் காட்டிவிட்டுத் திரையைப் பார்த்துப் புருவத்தைச் சுருக்கினார். முதலில் ஒரு வெறுங்கட்டம். அதற்குப் பக்கத்தில் அழகாக இரண்டு கூதாள எழுத்து.

"உங்க எழுத்தையெல்லாம் பட்டியல்ல ஏத்தியாச்சுன்னு சொன்னாங்களேம்மா. உங்க பேர்ல மட்டும் இன்னும் ஒரு கட்டம் நிக்குதே, சரிபண்ணச் சொல்லவா?"

"வேண்டாமுங்க" என்றாள் ஓமாயி. "அந்தக் கட்டம் இருக்கறதாலதானுங்க சார் நீங்க இவ்வளவு தூரம் நடந்து வந்து எங்களக் கேட்டீங்க."

அவர் கட்டத்தை இன்னொரு தடவை பார்த்தார், பொறியை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டார். கீழே பஸ்ஸுக்கு ஒன்பது கிலோமீட்டர் இறங்க வேண்டியிருந்தது.